நட்ட கணக்கு வேறு, நின்ற கணக்கு வேறு

கேள்வி: தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாநில அரசு வழங்கும் சுற்றுச்சூழல் பராமரிப்பு விருதுக்கு மூன்று நடுவர்களில் ஒருவராக என்னை அழைத்திருக்கிறார்கள். 42 விண்ணப்பங்கள், ஐந்து வாரம். மரம் நட்டவர்கள், ஏரி தூர்வாரியவர்கள், குடியிருப்புக் குப்பையைக் கையாண்டவர்கள், மின்சாரத்தை மிச்சம் பிடித்த தொழிற்சாலைகள், பள்ளிக்கூடங்கள் என எல்லாம் ஒரே கட்டாக வந்திருக்கின்றன. சில விண்ணப்பங்கள் வழவழப்பான தாளில் 60 பக்கம். ஒன்று மட்டும் கையால் எழுதிய நான்கு பக்கம். மரத்தையும் மின்சாரத்தையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? எழுத்துத் திறமைக்கு மதிப்பெண் போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் பயம் நியாயமானது. விண்ணப்பம் எழுதக் காசு கொடுத்து ஆள் வைத்தவருக்கும், வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து எழுதியவருக்கும் ஒரே தாளில் மதிப்பெண் போட வேண்டிய நிலைமை எந்த விருதிலும் வரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. எந்த விண்ணப்பத்தையும் முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். நேராக எண்கள் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள்: வேலை தொடங்கும் முன் அங்கே என்ன அளவு இருந்தது, இன்று என்ன அளவு இருக்கிறது, இதை யார் எப்போது எப்படி அளந்தார்கள். இந்த மூன்றும் எழுதி முடித்த பிறகு முன்னுரையையும் படங்களையும் பாருங்கள். இந்த வரிசையை மாற்றினால், நல்ல படம் தந்த நல்லெண்ணத்தோடு எண்ணைப் படிப்பீர்கள். ஓட்டை கண்ணில் படாது.

தராசு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மரத்தை மின்சாரத்தோடு ஒப்பிட வேண்டியதில்லை. ஒவ்வொரு வேலையையும் அதனுடைய பழைய நிலையோடுதான் ஒப்பிட வேண்டும். விருதின் பெயரிலேயே ‘பராமரிப்பு’ இருக்கிறது. ஒரு நாள் செய்த நல்ல காரியத்துக்கும் ஐந்து வருடம் பார்த்துக்கொண்டதற்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் இந்த விருது. ஆகவே கட்டில் உள்ள 42-க்கும் பொதுவான கேள்வி இதுதான்: மண்ணிலோ நீரிலோ காற்றிலோ ஏற்பட்ட மாற்றம் எவ்வளவு, அது நிற்குமா?

மதிப்பெண் பங்கீட்டை அரசே வகுத்துத் தந்திருந்தால் அதை மாற்றாதீர்கள். உங்களிடம் விட்டிருந்தால் 100-க்கு இப்படிப் பிரிக்கலாம்: அளந்து காட்டிய மாற்றத்துக்கு 35, தொடர்ச்சிக்கு 25, ஆதாரத்தின் தரத்துக்கு 15, உள்ளூர் மக்களின் பங்குக்கு 15, மற்றவர்கள் பின்பற்றக்கூடிய தன்மைக்கு 10. புதுமைக்குத் தனி மதிப்பெண் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புதுமைக்கு மதிப்பெண் என்று அறிவித்தால், போன வருடம் தொடங்கிய கருவியும் செயலியும் மேலே வந்துவிடும். 12 வருடமாக ஒரே வரத்துக்கால்வாயை வருடந்தோறும் சுத்தம் செய்கிறவர்கள் கீழே போய்விடுவார்கள்.

ஒவ்வொரு தலைப்புக்கும் 0 முதல் 5 வரை போட்டு, பிறகு பங்குக்கு ஏற்பப் பெருக்குங்கள். ஆனால் 3 என்றால் என்ன, 5 என்றால் என்ன என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். தொடர்ச்சிக்கு உதாரணம் சொல்கிறேன். பணம் தீர்ந்ததும் வேலை நின்றுவிட்டது என்றால் 0. ஒரே ஒருவரின் உழைப்பில் ஓடுகிறது, அவர் இல்லையென்றால் நிற்கும் என்றால் 2. பொறுப்பாளர் குழு இருக்கிறது, இரண்டாவது ஆண்டின் செலவுக் கணக்கும் இருக்கிறது என்றால் 3. தொடங்கியவர்கள் விலகிய பிறகும் மூன்று வருடம் ஓடியிருக்கிறது, பராமரிப்புச் செலவு உள்ளூரிலேயே திரட்டப்படுகிறது என்றால் 5. இப்படி வரையறுத்துவிட்டால் மூன்று நடுவர்களின் 3-உம் ஒரே 3-ஆக இருக்கும்.

இனி ஒவ்வொரு வகையிலும் எங்கே பார்க்க வேண்டும் என்பது.

மரம் நட்டவர்கள்

உங்கள் கட்டில் இந்த வகைதான் அதிகம் இருக்கும். ‘10,000 கன்றுகள் நட்டோம்’ என்ற வரிக்கு மதிப்பெண் கிடையாது. அது செலவுக் கணக்கு. இரண்டு கோடையைக் கடந்து எத்தனை நிற்கிறது என்பதுதான் பலன். ஒரு கோடைகூடக் காணாத நடவு என்றால் ‘அடுத்த ஆண்டு விண்ணப்பியுங்கள்’ என்று எழுதித் தனியே எடுத்து வையுங்கள். தோற்ற திட்டம் என்று முத்திரை குத்த வேண்டாம்.

பக்கத்தைப் புரட்டாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடைவெளியில் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 1,111 கன்றுகள்தான் பிடிக்கும். இரண்டு மீட்டர் என்றால் 2,500. இரண்டு ஹெக்டேரில் 25,000 என்று எழுதியிருந்தால் ஒன்று மியாவாக்கி முறை அடர்நடவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு தப்பு. அடர்நடவில் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் வைப்பார்கள். நெருக்கத்தில் ஒரு பகுதி தானாகவே பட்டுப்போவது அந்த முறையின் இயல்பு. எனவே அதில் பிழைத்த சதவீதத்தை விட, மேல்விதானம் மூடியிருக்கிறதா, களை எடுப்பதும் நீர் ஊற்றுவதும் நின்ற பிறகும் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அகல இடைவெளி நடவையும் அடர்நடவையும் கன்று எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவது இந்த வகையில் அடிக்கடி நடக்கும் அநியாயம்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. ஒரு கன்றுக்கு வாரம் 10 லிட்டர் என்றாலும் 10,000 கன்றுக்கு வாரம் ஒரு லட்சம் லிட்டர். 10,000 லிட்டர் லாரியில் பத்து நடை. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் பணம் கொடுத்தார்கள் என்ற விவரமே விண்ணப்பத்தில் இல்லையென்றால், 90 சதவீதம் பிழைத்தது என்ற வாக்கியத்தின் மேல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். மழையை நம்பிச் சரியான பருவத்தில் நட்டிருக்கலாம். அப்படியென்றால் நட்ட தேதியே அதைக் காட்டிவிடும்.

நேரில் போனால் செடியை எண்ணாதீர்கள், குழியை எண்ணுங்கள். செத்த கன்று மாதக் கணக்கில் அங்கேயே நிற்காது. ஆடு தின்றிருக்கும், காய்ந்து மண்ணோடு போயிருக்கும். நிற்பதை மட்டும் எண்ணினால் எப்போதும் நூற்றுக்கு நூறு வரும். நடவு வரைபடத்தில் 20 இடங்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒவ்வோர் இடத்திலும் வரிசையாகப் பத்துக் குழிகளைப் பாருங்கள். 200 குழியில் 140 உயிரோடிருந்தால் பிழைப்பு 70 சதவீதம்; கூடவோ குறையவோ 6 சதவீதம் பிசகலாம். 100 குழி மட்டும் பார்த்தால் பிசகு 9 சதவீதம் வரை போகும். விருதுக்கு இந்தத் துல்லியம் போதும். பக்கத்துச் செடிகளை விடக் குட்டையாக, அடியில் புது மண்ணோடு நிற்பவை மாற்று நடவு. மாற்று நடவு தவறில்லை, அக்கறையின் அடையாளம்தான். ஆனால் அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு 98 சதவீதம் என்று எழுதியிருந்தால் ஆதாரத்துக்கான மதிப்பெண்ணில் கை வையுங்கள்.

உங்கள் பாடம் உதவப்போகும் இடம் இனப்பட்டியல். புல்வெளியாகவே இருக்க வேண்டிய நிலத்தில் மரம் நட்டிருக்கிறார்களா? சீமைக்கருவேலம், உண்ணிச்செடி மாதிரிப் பரவும் அயல் இனங்கள் பட்டியலில் இருக்கின்றனவா? ஒரே இனம் 80 சதவீதமா? புல்வெளியில் வாழும் பறவைகளும் மேய்ச்சலும் போன பிறகு அங்கே 5,000 மரம் நிமிர்ந்து நின்றாலும் அதற்குப் பராமரிப்பு விருது தரக்கூடாது. மற்ற இரு நடுவர்களுக்கும் இது சட்டென்று தெரியாது. நீங்கள்தான் பேச வேண்டும்.

ஏரி, குளம், நிலத்தடி நீர்

இந்த வகையில் ஏமாற்றத்தை விட அறியாமையே அதிகம். நல்ல மனசோடு தப்பு செய்திருப்பார்கள்.

தூர்வாரிய கணக்கை முதலில் பாருங்கள். ஐந்து ஹெக்டேர் ஏரியில் சராசரியாக அரை மீட்டர் வண்டல் எடுத்தால் 25,000 கனமீட்டர். கூடுதலாகத் தேங்கக்கூடிய நீர் 2.5 கோடி லிட்டர். ஒரு டிப்பர் ஒரு நடைக்கு எட்டு கனமீட்டர் ஏற்றினால் 3,125 நடை. 30 நாளில் முடித்தோம் என்றால் தினமும் நூறு நடைக்கு மேல் ஓடியிருக்க வேண்டும். நடைச்சீட்டுகள் இருக்கின்றனவா, எடுத்த மண் எங்கே போனது? வண்டல் வயலுக்குப் போயிருந்தால் அது இரண்டாவது பலன். பக்கத்துப் பள்ளத்தில் கொட்டியிருந்தால் ஒரு நீர்நிலையை எடுத்து இன்னொன்றை மூடியிருக்கிறார்கள்.

தூர்வாருவதில் கெட்டுப்போகும் விதங்கள் நான்கு. ஏரியை மட்டும் ஆழப்படுத்திவிட்டு வரத்துக்கால்வாயை விட்டுவிடுவது. மழை பெய்தும் தண்ணீர் வராது. அடியில் இருக்கும் களிமண் படலத்தையும் சேர்த்துத் தோண்டிவிடுவது. நின்ற தண்ணீரும் கீழே இறங்கிப்போகும். கிண்ணம் மாதிரிச் சுற்றிலும் செங்குத்தாக வெட்டுவது. ஓரத்தில் அரையடித் தண்ணீரில் நடந்து இரை தேடும் பறவைகளுக்கு நிற்க இடமில்லாமல் போகும், தண்ணீர் குடிக்க இறங்கும் மாடும் சிக்கிக்கொள்ளும். நான்காவது, கரையோர நாணலையும் கோரையையும் ‘புதர்’ என்று வழித்தெடுப்பது. மழைநீரோடு வரும் மண்ணையும் சத்தையும் ஓரளவு தடுத்து வைப்பது அந்தப் புதர்தான். கரையைச் சுற்றிக் கல் பதித்து, விளக்குப் போட்டு, நடைபாதை அமைத்ததைப் படத்தில் பெரிதாகக் காட்டியிருந்தால், அந்தப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு வரத்துக்கால்வாயின் படத்தைக் கேளுங்கள்.

நீரின் தரம் பற்றிய ஆய்வறிக்கைகளில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். கோடையில் எடுத்த ‘முன்’ மாதிரியையும் மழைக்காலத்தில் எடுத்த ‘பின்’ மாதிரியையும் ஒப்பிட்டால் எந்த வேலையும் செய்யாத குளம்கூடச் சுத்தமாகியிருக்கும். கரைந்த ஆக்சிஜன் இன்னும் ஏமாற்றும். பாசி மண்டிய குளத்தில் பிற்பகலில் அது உச்சத்தில் இருக்கும், ஒளிச்சேர்க்கை அப்படி. விடிவதற்கு முன் அதே குளத்தில் மீன் மூச்சு முட்டி மேலே வரும். முன்னும் பின்னும் ஒரே மாதத்தில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் எடுத்ததா என்று கேளுங்கள். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) என்ற அளவை 20 டிகிரியில் 5 நாள் வைத்தும் பார்க்கிறார்கள், 27 டிகிரியில் 3 நாள் வைத்தும் பார்க்கிறார்கள். இரண்டில் எது என்பது அறிக்கையிலேயே இருக்கும். முன்னதற்கு ஒன்று, பின்னதற்கு இன்னொன்று என்று கலந்திருக்கக் கூடாது. ஆய்வுக்கூடச் செலவு செய்ய முடியாத சிறு குழுக்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 20 சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கால்வாசிகள் தீட்டிய தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறிப்பது 1865-இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி வெள்ளைத் தட்டுகளை இறக்கிச் சோதித்த முறையின் இன்றைய வடிவம். அந்தத் தட்டை மாதம் ஒரு முறை மூன்று வருடம் இறக்கிக் குறித்த நோட்டுப் புத்தகம், ஒரே ஒரு முறை எடுத்த பத்துப் பக்க ஆய்வறிக்கையை விட எனக்குப் பெரிது.

‘எங்கள் வேலையால் கிணற்று நீர் மூன்று மீட்டர் உயர்ந்தது’ என்று ஒருவர் நிச்சயம் எழுதியிருப்பார். அந்த வருடம் மழை எப்படி? வேலை நடக்காத பக்கத்துப் பகுதிக் கிணறுகளில் அதே மாதத்தில் எவ்வளவு உயர்ந்தது? அங்கே 2.2 மீட்டர் என்றால், இவர்கள் உரிமை கொண்டாடக்கூடியது மீதி 0.8 மீட்டர்தான். முன்–பின் மட்டும் போதாது. உள்ளே–வெளியே என்ற ஒப்பீடும் வேண்டும். இந்த இரட்டை ஒப்பீட்டைத் தாங்களாகவே செய்து காட்டிய விண்ணப்பம் ஏதாவது இருந்தால், ஆதாரத்துக்கான 15-ஐயும் தயங்காமல் கொடுங்கள்.

மழைநீர் சேகரிப்புக்கு ஒரே ஒரு வாய்பாடு போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, ஆண்டு மழை 800 மில்லிமீட்டர், சிதறலும் ஆவியும் போகக் கைக்கு வருவது எண்பது சதவீதம் என்றால் 64,000 லிட்டர். அதே கூரையில் மூன்று லட்சம் லிட்டர் சேமித்ததாக வந்தால், எழுதியவருக்கே கணக்குப் புரியவில்லை.

குப்பையும் மின்சாரமும்

குப்பைத் திட்டங்களில் ‘பிரித்தது எத்தனை கிலோ’ என்பதைப் பார்க்காமல் ‘வெளியே போனது எத்தனை கிலோ’ என்பதைப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு குப்பை லாரியில் ஏறியது, இப்போது இவ்வளவுதான் ஏறுகிறது என்ற எண்ணில் ஏமாற்ற இடம் குறைவு. தொடர்ந்து ஏழு நாள் எடை போட்ட கணக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் குப்பையும் செவ்வாய்க்கிழமைக் குப்பையும் ஒன்றாக இருக்காது. சமையலறைக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் 100 கிலோ போட்டால் பெரும்பாலும் 20 முதல் 40 கிலோ உரம்தான் மிஞ்சும். 70 கிலோ என்று எழுதியிருந்தால் ஈரம் காயாத உரம், அல்லது மண் கலந்திருக்கிறது. பிளாஸ்டிக் சேகரித்தவர்களிடம் வாங்கியவரின் எடைச்சீட்டைக் கேளுங்கள். சீட்டு இல்லாத பிளாஸ்டிக் எங்கேயோ எரிந்திருக்கலாம். கடற்கரைச் சுத்தத்தில் வரும் டன் கணக்கில் ஈர மணலும் சேர்ந்திருக்கும். பொருள்வாரியாக எண்ணி, எந்தப் பொருள் அதிகம் வந்ததோ அதைத் தெருவிலேயே குறைக்க ஏதாவது செய்தார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைகளின் மின்சிக்கனத்தில் உற்பத்தியால் வகுக்காத எண்ணை ஏற்காதீர்கள். போன வருடம் 10 லட்சம் யூனிட்டில் 5,000 டன் செய்தார்கள். இந்த வருடம் 8.2 லட்சம் யூனிட்டில் 4,000 டன். மின்சாரம் 18 சதவீதம் குறைந்தது என்று விண்ணப்பம் மின்னும். ஒரு டன்னுக்கு 200 யூனிட்டாக இருந்தது 205 ஆகியிருக்கிறது; சிக்கனமே இல்லை, விற்பனை குறைந்திருக்கிறது. மின்சாரம் அதிகம் தின்னும் ஒரு வேலையை வெளி ஒப்பந்ததாரரிடம் தள்ளிவிட்டார்களா என்றும் கேளுங்கள். கரியமில வாயு இத்தனை டன் குறைந்தது என்று இருந்தால், ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள், அந்த எண்ணை யார் வெளியிட்டது என்பது கீழே இருக்க வேண்டும். டீசல் என்றால் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ; உடனே பெருக்கிப் பார்க்கலாம்.

இன்னொன்று, சட்டம் கட்டாயமாக்கியதைச் செய்ததற்கு விருது கிடையாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வைத்தேயாக வேண்டும் என்று உத்தரவு இருக்கும்போது அதை வைத்தது சாதனையாகாது. உத்தரவு கேட்ட அளவை விட எவ்வளவு தூரம் போனார்கள் என்பதே கேள்வி. இறுதிப் பட்டியலில் வரும் ஒவ்வொரு நிறுவனத்தைப் பற்றியும், கடந்த ஐந்து ஆண்டில் மாசு தொடர்பான நோட்டீஸ், அபராதம், நிலுவை வழக்கு ஏதாவது உண்டா என்று விருது அலுவலகம் எழுத்தில் கேட்டு வாங்கித் தர வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் பதில் வராது. பக்கத்து ஆற்றில் சாயம் விட்டுக்கொண்டே வளாகத்தில் மூங்கில் நட்டவருக்கு நீங்கள் தரும் கேடயம், நாளை ஊர்க்காரர்கள் புகார் கொடுக்கும்போது அவர்களுக்கு எதிராகக் காட்டப்படும். அந்தச் சேதத்தை உங்களால் திரும்ப எடுக்க முடியாது.

பள்ளித் திட்டங்களில் அளவைப் பார்க்காதீர்கள். பிள்ளைகள் வருடந்தோறும் வெளியேறுகிறார்கள். போன வருட ஒன்பதாம் வகுப்பு இந்த வருட எட்டாம் வகுப்புக்கு எதைக் கைமாற்றியது, விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றினார்கள், பதிவேட்டில் பிள்ளைகளின் கையெழுத்து இருக்கிறதா, இவை போதும். முழுதும் ஆசிரியர் கையெழுத்தாகவே இருந்தால் அது ஆசிரியரின் திட்டம்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியது

படங்களை எடுத்த இடமும் மாதமும் ஒன்றா என்று பாருங்கள். அதற்கு மேல், செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே இருக்கின்றன. அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை 1972-இல் தொடங்கியது. 2008 முதல் அதன் சேமிப்பு முழுவதையும் யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் உண்டு. ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர் சதுரம், சில நாட்களுக்கு ஒரு முறை ஒரே இடத்தின் படம் வரும். இரண்டு ஹெக்டேர் நடவு அதில் 200 புள்ளிகளாகத் தெரியும்; தரிசு நிலம் பச்சையாவதைக் காணப் போதுமானது. விண்ணப்பதாரரிடம் இடத்தின் ஜிபிஎஸ் எண்களை வாங்கி, வேலைக்கு முந்தைய ஆண்டின் வறண்ட மாதத்தையும் போன ஆண்டின் அதே மாதத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் எல்லா நிலமும் பச்சைதான். எச்சரிக்கை ஒன்று: சீமைக்கருவேலக் காடும் படத்தில் பச்சையாகவே தெரியும்; ஆகாயத்தாமரை மூடிய ஏரி, தரை மாதிரித் தெரியும். படம் சந்தேகத்தைத்தான் எழுப்பும்; தீர்ப்பு சொல்ல நேரில் போக வேண்டும்.

42 இடங்களுக்கும் போக முடியாது. எட்டு அல்லது பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். முந்தின நாள் மட்டும் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வண்டியில் போகாதீர்கள், சாப்பாட்டை ஏற்காதீர்கள், சால்வையும் வேண்டாம். எங்கே நிற்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். காட்டப்படும் இடம் எப்போதும் நன்றாகவே இருக்கும். நிர்வாகியிடம் பேசுவதற்கு முன் காவலாளியிடமும், அங்கே ஆடு மேய்ப்பவரிடமும், தண்ணீர் ஊற்றும் பெண்களிடமும் பேசுங்கள். ‘போன கோடையில் என்ன ஆச்சு?’ என்ற ஒரு கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில், 60 பக்கத்தில் இல்லாததைச் சொல்லிவிடும். பதிவேட்டை வாங்கி மையைப் பாருங்கள். இரண்டு வருடப் பதிவு ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு கறையும் இல்லாமல் இருந்தால் அது நேற்று ராத்திரி எழுதியது.

மூன்று நடுவர்களும் சேரும் இடம்

முதலில் மூவரும் ஒரே மூன்று விண்ணப்பங்களைத் தனித்தனியாக மதிப்பிட்டு, பிறகு உட்கார்ந்து ஏன் வித்தியாசம் வந்தது என்று பேசுங்கள். இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். பின்னால் வரும் முக்கால்வாசிச் சச்சரவு இங்கேயே தீரும். மீதியை ஆளுக்கு ஒரு வரிசையில் படியுங்கள், ஒருவர் மேலிருந்து, ஒருவர் கீழிருந்து, ஒருவர் நடுவிலிருந்து. ஒன்றுக்கு 40 நிமிடம் என்றால் மொத்தம் 28 மணி நேரம். ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் வேண்டாம். எல்லாம் முடிந்ததும் முதலில் படித்த ஐந்தையும் மறுபடி பாருங்கள். அவற்றை முதலில் படித்தபோது உங்கள் கை பழகியிருக்காது. மதிப்பெண் கூடியோ குறைந்தோ விழுந்திருக்கும்.

மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் எல்லாருக்கும் 68-க்கும் 76-க்கும் நடுவில் போடுகிறீர்கள். இன்னொருவர் 30-லிருந்து 95 வரை போடுகிறார் என்று வையுங்கள். கூட்டினால் அவருடைய விருப்பமே வரிசையைத் தீர்மானிக்கும். உங்கள் உழைப்பு கணக்கில் இருந்தும் இல்லாத மாதிரி. ஆகவே ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணையும் அவரவர் பட்டியலில் 1 முதல் 42 வரை தர வரிசையாக மாற்றி, பிறகு மூன்று வரிசையையும் சேருங்கள். ஒரே விண்ணப்பம் ஒருவருக்கு மூன்றாவது, இன்னொருவருக்கு முப்பதாவது என்று வந்தால் சராசரி போட்டு நடுவில் தள்ளாதீர்கள். யாரோ ஒருவர் மற்றவர் காணாத ஒன்றைக் கண்டிருக்கிறார்; அதைத்தான் கூட்டத்தில் முதலில் பேச வேண்டும். அந்த முதல் மூன்றைத் தவிர, தனி மதிப்பெண்ணை எழுத்தில் ஒப்படைக்கும் வரை மூவரும் விண்ணப்பங்களைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது.

நீங்கள் ஆசிரியராக இருந்தவர். விண்ணப்பித்த பள்ளியிலோ நிறுவனத்திலோ பழைய மாணவர்கள் இருப்பார்கள். தொடங்கும் முன்பே எழுதிக் கொடுங்கள்; அந்த விண்ணப்பம் வரும்போது மதிப்பெண் போடாமல், அறையை விட்டும் வெளியே வந்துவிடுங்கள். உள்ளே பேசாமல் உட்கார்ந்திருப்பது போதாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் வரை மற்ற இருவரும் தயங்குவார்கள்.

ஒரு பிரிவில் தகுதியானது எதுவும் இல்லையென்றால் அந்தப் பிரிவில் இந்த ஆண்டு விருது இல்லை என்று எழுதுவதற்கு விதியில் இடமிருக்கிறதா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வாகாத ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: எந்த எண் இல்லை, அடுத்த முறைக்கு எதை அளக்கத் தொடங்க வேண்டும்.

கடைசியாக, அந்த நான்கு பக்கக் கையெழுத்து விண்ணப்பம். அதில் எண்கள் இல்லை என்பதற்காகக் கீழே வைத்துவிடாதீர்கள். பாதகமாகவும் பார்க்காதீர்கள், பரிதாபத்தில் தூக்கியும் விடாதீர்கள். விதி அனுமதித்தால், விவரம் போதாத எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் விருது அலுவலகம் வழியாகத் தொலைபேசியில் அழைத்து, அனைவரிடமும் ஒரே ஐந்து கேள்விகளைக் கேளுங்கள், ஆளுக்குக் கால் மணி நேரம். தொடங்கும் முன் அங்கே என்ன இருந்தது, எப்படித் தெரியும்? இன்று என்ன இருக்கிறது, கடைசியாக எப்போது எண்ணினீர்கள்? எது தோற்றது, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள்? போன ஆண்டு எவ்வளவு செலவு, யார் கொடுத்தார்கள்? அடுத்த கோடையில் நீங்கள் ஊரில் இல்லையென்றால் யார் பார்த்துக்கொள்வார்கள்? பதிலை வார்த்தை மாறாமல் எழுதி, விண்ணப்பத்தின் ஐந்தாம் பக்கமாகக் கோர்த்து, மற்ற இரு நடுவர்களுக்கும் பிரதி அனுப்பிவிடுங்கள். இதை முதல் வாரத்திலேயே முடித்தால்தான், பதிலைப் பார்த்து அந்த இடத்தை நேரில் போகும் பட்டியலில் சேர்க்க உங்களுக்கு நாள் இருக்கும்.